அணைந்து போகும் மானிட்டர்: ஸ்க்ரூ டிரைவரைத் தொடும் முன்னும் பின்னும்

மானிட்டர் தானாக அணைகிறது என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அணைந்தபோது பவர் லைட் என்ன ஆச்சு? பெரும்பாலும் பதில் வராது. கண் திரையில் இருக்கும். மூலையில் மிளகு அளவில் எரியும் விளக்கை யார் பார்க்கிறார்கள்? ஆனால் பாதி நோயை அதுதான் சொல்லிவிடும். அதைக் கவனிக்காமல் கேபிள் மாற்றி, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி மாட்டி, விண்டோஸையே புதிதாக ஏற்றி, கடைசியில் அடாப்டர் பின் லூஸ் என்று தெரியவரும்போது வருகிற எரிச்சலுக்கு மருந்து கிடையாது.

விளக்கு முழுசாக அணைந்துவிட்டால், மானிட்டருக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது வருகிற கரண்ட்டை அதன் பவர் போர்டு தாங்கிப் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. டிரைவர் அப்டேட் எல்லாம் வீண் வேலை. நீலமாகவோ பச்சையாகவோ எரிந்த விளக்கு ஆரஞ்சுக்கு மாறினால், அல்லது மெதுவாக மின்ன ஆரம்பித்தால், மானிட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, தூங்கப் போயிருக்கிறது. சிக்னல் வரவில்லை என்று அது முடிவு செய்துவிட்டது. அப்போது தேட வேண்டிய இடம் கேபிள், போர்ட், கார்டு, கம்ப்யூட்டரின் பவர் செட்டிங். விளக்கு நிறம் மாறாமல் எரிய, திரை மட்டும் இருண்டால் பேக்லைட் (திரைக்குப் பின்னாலிருந்து ஒளி தரும் விளக்கு) மீது சந்தேகம். திரை ஒன்றிரண்டு விநாடி கறுத்துவிட்டுத் தானே திரும்பினால் சிக்னல் இணைப்பு அறுந்து மறுபடி ஒட்டுகிறது. அப்படித் திரும்பும்போது மானிட்டர் கம்பெனியின் லோகோவும் சேர்ந்து வந்தால் கதை வேறு: மானிட்டரே ஒரு கணம் செத்துப் பிழைத்திருக்கிறது, அதாவது பவர் பக்கம்.

சில மாடல்களில் பவர் லைட்டையே மெனுவில் அணைத்து வைக்க முடியும். அதை யாராவது அணைத்து வைத்திருந்தால் மேலே சொன்னது எதுவும் உதவாது. முதலில் அதை ஆன் செய்துகொள்ளுங்கள்.

கண்ணுக்கு அடுத்தபடி காது. ஸ்பீக்கரில் ஒரு பாட்டை ஓடவிட்டு வேலை பாருங்கள். திரை போன பிறகும் பாட்டு ஓடினால் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது. பாட்டு நின்று, அல்லது ஒரே இடத்தில் 'டர்ர்ர்' என்று சிக்கி, கிராஃபிக்ஸ் கார்டின் ஃபேன் திடீரென முழு வேகத்தில் சுழன்றால் மானிட்டரை விட்டுவிடுங்கள். கார்டோ அதற்குக் கரண்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸோ விழுந்திருக்கிறது. ஸ்பீக்கர் இல்லையென்றால் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அமுக்குங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறது. இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு துப்பு உண்டு: ஒன்று அணையும்போது யு.எஸ்.பி. கழற்றினால் வருவதுபோல ஒரு 'டிங்' சத்தம் வந்து, அதிலிருந்த விண்டோக்கள் எல்லாம் அடுத்த திரைக்குத் தாவினால் இணைப்பே அறுந்திருக்கிறது. சத்தமும் இல்லை, விண்டோக்களும் அசையவில்லை என்றால் கம்ப்யூட்டர் இன்னும் அந்த மானிட்டருக்குப் படம் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

மூன்றாவது, கடிகாரம். கடைசியாக மவுஸைத் தொட்டதிலிருந்து சரியாக 5, 10, 15 நிமிடம் என்று வட்டமான கணக்கில் அணைந்தால் அது கோளாறே இல்லை, செட்டிங். ஆன் செய்து ஒன்றிரண்டு விநாடியில் படம் வந்து மறைந்தால் பேக்லைட்டின் பாதுகாப்புச் சுற்று தன் வேலையைச் செய்கிறது. முதலில் அரை மணி நேரம் ஓடி, அடுத்த தடவை பத்து நிமிடம், அதற்கடுத்து மூன்று நிமிடம் என்று குறைந்துகொண்டே போனால் சூடு. நேரத்துக்கு ஒழுங்கே இல்லாமல், மேசையைத் தட்டினால், கேபிளை இழுத்தால், ஆள் எழுந்தால் உட்கார்ந்தால் அணைகிறது என்றால் லூஸ் கான்டாக்ட். டிவியை மானிட்டராகப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும்: 4 மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானாக அணையும் வசதி பல டிவிகளில் இருக்கிறது. மவுஸை ஆயிரம் முறை அசைத்தாலும் டிவிக்கு அது தெரியாது.

இரண்டு நாள் ஒரு துண்டுத் தாளில் விளக்கு நிறம், சத்தம், நேரம் மூன்றையும் குறித்து வையுங்கள்.

மானிட்டரா, கம்ப்யூட்டரா?

சிக்னல் கேபிளைப் பிடுங்கிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்து பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. "சிக்னல் இல்லை" என்ற கட்டம் திரையில் மிதக்க வேண்டும். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிக்னல் இல்லாத மானிட்டர் சில விநாடிகளில் தூங்கிவிடுவதுதான் இயல்பு. அதைப் பார்த்து "கேபிள் இல்லாமலேயே அணைகிறது, மானிட்டர்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விளக்கு ஆரஞ்சானால் தூக்கம். விளக்கே போனால், அல்லது அந்தச் செய்தி தெரியும்போதே பாதியில் திரை இருண்டால்தான் மானிட்டர் மீது குற்றம்.

இதைவிட உறுதியான சோதனை, வேறொரு லேப்டாப்பையோ செட் டாப் பாக்ஸையோ வேறு கேபிளில், மானிட்டரின் வேறு போர்ட்டில் இணைத்து இரண்டு மணி நேரம் ஓடவிடுவது. மூன்றையும் ஒன்றாக மாற்றுங்கள். அப்போதும் அணைந்தால் மானிட்டர் அல்லது அதன் பவர். அணையவில்லை என்றால், பழையதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள்: முதலில் பழைய போர்ட், பிறகு பழைய கேபிள், கடைசியில் பழைய கம்ப்யூட்டர். எது உள்ளே வந்ததும் நோய் திரும்புகிறதோ அதுதான் ஆள்.

கரண்ட் பக்கம்

மானிட்டரின் பின்னால் செருகும் மூன்று ஓட்டைப் பவர் கார்டு (கரண்ட் ஒயர்) முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பாதி செருகிய நிலையிலும் மாதக்கணக்கில் வேலை செய்யும். ஸ்டாண்டை உயர்த்தித் தாழ்த்தும்போது ஒருநாள் விட்டுவிடும். செருகும் முனையில் பழுப்பாகவோ உருகியோ தெரிந்தால் அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், டேப் சுற்றி ஓட்டாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தவிர்த்துச் சுவர் பிளக்கில் நேரடியாக மாட்டி ஒரு நாள் பார்ப்பது நல்லது. லேசர் பிரிண்டர், ஃபிரிட்ஜ், மோட்டார் எதுவும் அதே வரிசையில் இருந்தால், அவை கிளம்பும் நொடியில் வோல்டேஜ் ஒரு முக்கு முக்கும். ஆரோக்கியமான மானிட்டர் அதைத் தாங்கும். உள்ளே கெப்பாசிட்டர் (கரண்ட்டைத் தேக்கிச் சீராக்கும் உருளை) தளர்ந்த மானிட்டர் தாங்காது. அதனால் "பிரிண்ட் கொடுத்தால் மானிட்டர் அணைகிறது" என்பது வயரிங் பிரச்சினை மட்டுமல்ல, மானிட்டர் மூப்படைகிறது என்பதற்கான முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். யு.பி.எஸ்ஸில் ஓடும்போது மட்டும் அணைகிறதென்றால் யு.பி.எஸ்ஸின் அலை வடிவத்தைப் பாருங்கள். விலை குறைந்த யு.பி.எஸ்கள் பேட்டரிக்கு மாறியதும் படிப்படியான சதுர அலையைத் தருகின்றன. சில அடாப்டர்களுக்கு அது ஒத்துப்போகாது. மானிட்டரைச் சுவர் பிளக்கில் மாட்டினால் குணமாகிறதென்றால் பழி யு.பி.எஸ் மேல்.

வெளியே தனியாக அடாப்டர் இருக்கும் மானிட்டர்களில் முதல் சந்தேகம் எப்போதும் அடாப்டர்தான். மல்டிமீட்டரில் 19 வோல்ட் சரியாகக் காட்டுகிறதே என்று அதை விடுதலை செய்துவிடாதீர்கள். சும்மா இருக்கும்போது எந்த அடாப்டரும் சரியாகத்தான் காட்டும். சுமை ஏறும்போதுதான் 15க்கும் 14க்கும் சரியும். மீட்டர் இல்லாமலே இதைப் பிடிக்க ஒரு வழி: மானிட்டரின் பிரைட்னஸை 100லிருந்து 20க்குக் குறையுங்கள். மானிட்டர் இழுக்கும் கரண்ட்டில் பெரும் பங்கு பேக்லைட்டுக்குத்தான் போகிறது. குறைத்ததும் அணைவது நின்றாலோ, அடிக்கடி அணைந்தது அபூர்வமானாலோ, பவர் பலவீனம் கிட்டத்தட்ட உறுதி.

மாற்று அடாப்டர் வாங்கும்போது மூன்று விஷயம். வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அல்லது அதிகம், குறைவு கூடாது. மானிட்டரின் பின் லேபிளில் 19 வோல்ட், 2.1 ஆம்பியர் என்றிருந்தால் 40 வாட்; அதற்கு 1.3 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் ஆன் ஆகும், படமும் வரும், வெளிச்சம் கூடியதும் அணையும். மூன்றாவதுதான் பலரும் தவறவிடுவது: பின்னின் அளவு. வெளி விட்டம் 5.5 மில்லிமீட்டர் இருக்கும் பின்களில் உள்துளை 2.1 என்றும் 2.5 என்றும் இரண்டு வகை. 2.5 துளையுள்ள பின், 2.1 ஊசியுள்ள சாக்கெட்டில் தாராளமாக நுழையும், பிடிப்பு மட்டும் இருக்காது. மேசை அசைந்தால் அணைகிற மானிட்டர்களில் இது நிறைய. நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்பதை லேபிளில் இருக்கும் வட்டக் குறி காட்டும். அதுவும் பழையதோடு பொருந்த வேண்டும்.

எதையும் மாற்றும் முன் ஒரு இலவச முயற்சி: பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கி, மானிட்டரின் பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்து, பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். மின்னல் அல்லது வோல்டேஜ் குதிப்புக்குப் பிறகு உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் உறைந்துபோயிருந்தால் இதில் சரியாகும். கெப்பாசிட்டர் போயிருந்தால் ஆகாது.

கேபிள் என்ற மௌனக் குற்றவாளி

கேபிள் ஒன்று வேலை செய்யும், இல்லையேல் செய்யாது என்று நினைப்பது பழைய பழக்கம். இன்றைய டிஜிட்டல் கேபிள் நடுவில் ஒரு நிலையில் மாட்டிக்கொள்ளும்: படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் மணிக்கு நான்கு தடவை இரண்டு விநாடி கறுத்துவிடும். காரணம் வேகம். எச்.டி.எம்.ஐ. வழியாக 1920 × 1080 படத்தை 60 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 60 முறை) அனுப்ப விநாடிக்கு சுமார் 4.5 கிகாபிட் போதும். அதே கேபிளில் 4கே படத்தை 60 ஹெர்ட்ஸில் அனுப்பினால் அது கிட்டத்தட்ட 18 கிகாபிட், நான்கு மடங்கு. பழைய மானிட்டரில் ஐந்து வருடம் பிழையில்லாமல் உழைத்த கேபிள் புது மானிட்டரில் திணறுவது இதனால்தான். "அதே கேபிள்தானே, நன்றாகத்தானே இருந்தது" என்பது வாதமே அல்ல.

சோதனை எளிது. டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெஃப்ரெஷ் ரேட்டை 144லிருந்து 60க்கு, 4கே என்றால் 60லிருந்து 30க்கு இறக்குங்கள். கறுப்பது அடியோடு நின்றால் கேபிள் அல்லது இடையில் இருக்கும் கன்வெர்ட்டர்தான். புதிதாக வாங்கும்போது எச்.டி.எம்.ஐ.யில் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' சான்று 18 கிகாபிட்டுக்கு, 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' 48 கிகாபிட்டுக்கு. நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 2 மீட்டர் போதுமென்றால் 5 மீட்டர் வாங்கிச் சுருட்டி வைக்காதீர்கள். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் இன்னொரு வில்லங்கம். அதன் 20ஆம் பின் 3.3 வோல்ட் தரும் பின். தரமான கேபிளில் இரு முனைக்கும் இடையே அந்தக் கம்பி இருக்கவே கூடாது. விதியை மதிக்காத மலிவுக் கேபிள்களில் அது இணைந்திருக்கும். மானிட்டரிலிருந்து கார்டுக்குள் கரண்ட் பின்வாசல் வழியாக நுழைந்து, தூங்கினால் எழாத மானிட்டர், அணைத்த பிறகு மறுபடி கிளம்ப மறுக்கும் கம்ப்யூட்டர் என்று விசித்திரமான நோய்களைக் கொடுக்கும்.

டைப் சி வழியாக இணைப்பவர்கள் கேபிளின் தோற்றத்தை நம்ப வேண்டாம். ஃபோன் சார்ஜ் செய்ய வந்த டைப் சி கேபிள்களில் பல படத்தைக் கடத்துவதே இல்லை. டாக் (ஒரே கேபிளில் பல போர்ட்டுகளைத் தரும் பெட்டி) நடுவில் இருந்தால் அதை விலக்கி நேராக மாட்டிப் பாருங்கள். டாக் சூடாகி அரை மணிக்கொரு தடவை இணைப்பை விடுவது சாதாரணம்.

பழைய விஜிஏ கேபிளில் இரண்டு பக்க ஸ்க்ரூவையும் கையால் முறுக்கி இறுக்குங்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

இதையும் கேளுங்கள், நம்பக் கஷ்டமாக இருக்கும்: நாற்காலி. காற்றழுத்தத்தில் ஏறி இறங்கும் ஆபீஸ் நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ திரை ஒரு விநாடி கறுத்துத் திரும்பினால் பேய் பிசாசு இல்லை. நாற்காலியின் இரும்புத் தண்டில் சேரும் நிலைமின்சாரம் பொறியாக இறங்கும்போது சுற்றிலும் ஒரு மின்காந்த அதிர்வு எழுகிறது. கவசம் சரியில்லாத வீடியோ கேபிள் அதை ஆன்டெனா போல வாங்கிக்கொள்கிறது. வறண்ட காற்று உள்ள அறையிலும், கார்பெட் தரையிலும் இது அதிகம். கவசமுள்ள நல்ல கேபிள், கேபிளின் இரு முனையிலும் ஃபெரைட் வளையம் (மின் இரைச்சலை அடக்கும் கறுப்பு உருளை), எர்த் உள்ள மூன்று பின் பிளக் — இவை பெரும்பாலும் போதும். கேபிள்கள் தரையில் நாற்காலிக் காலுக்கு அருகே சுருண்டு கிடந்தால் மேசைக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள்.

செட்டிங், டிரைவர்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போய் திரை அணையும் நேரத்தைப் பாருங்கள். லேப்டாப்பில் பேட்டரிக்கு ஒன்று, சார்ஜரில் இருக்கும்போது ஒன்று என்று இரண்டு தனித்தனி நேரம். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பது வழக்கம். ஸ்க்ரீன் சேவரில் 'வெறுமை' தேர்வாகியிருந்தாலும் திரை அணைந்ததுபோலவே தெரியும். மானிட்டரின் சொந்த மெனுவிலும் ஆஃப் டைமர், ஈக்கோ, டீப் ஸ்லீப், ஆட்டோ இன்புட் என்று நான்கு இடங்கள். ஆட்டோ இன்புட் ஆனில் இருந்தால், சிக்னல் ஒரு கணம் தடுமாறியதும் மானிட்டர் அடுத்தடுத்த போர்ட்டைத் தேடிப் போய், எங்கும் ஒன்றுமில்லை என்று தூங்கிவிடும். அதை அணைத்து, நீங்கள் பயன்படுத்தும் போர்ட்டையே நிலையாக வையுங்கள். டீப் ஸ்லீப்பையும் அணைத்துவிடுங்கள். மிச்சமாகும் கரண்ட் அற்பம், அது தரும் தொல்லை பெரிது.

டிரைவர் விழுந்ததா என்பதை விண்டோஸ் தானே எழுதி வைக்கிறது. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளில் எண் 4101 இருந்தால், கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மறுபடி எழுந்திருக்கிறது. கார்டு 2 விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை உதைத்து எழுப்பும். அதுதான் அந்தக் கறுப்பு. எண் 41 இருந்தால் கம்ப்யூட்டரே முறையாக மூடாமல் நின்றிருக்கிறது. திரை போன நிமிடமும் பதிவின் நிமிடமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அந்தத் துண்டுத் தாள் இப்போது உதவும். பதிவில் ஒன்றுமே இல்லையென்றால் அதுவும் ஒரு துப்புதான். திரை கறுத்த நேரத்தில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கு கீயையும் சேர்த்து அமுக்கினால் டிரைவர் மட்டும் மறுபடி கிளம்பும். ஒரு பீப் சத்தத்தோடு படம் திரும்பினால் குற்றம் மானிட்டருடையது அல்ல.

பட்டன்

இதை யாரும் சந்தேகிப்பதில்லை. பவர் பட்டனின் உள்ளே இருக்கும் சின்ன சுவிட்ச் ஈரத்தாலும் தூசியாலும் கசிய ஆரம்பித்தால், யாரோ அமுக்கியதுபோல மானிட்டர் தானே அணையும், தானே எரியும். அடையாளம்: மெனு தானாகத் திறப்பது, சத்தமோ பிரைட்னஸோ தானாக ஏறி இறங்குவது. தொடு பட்டன் மாடல்களில் துடைக்கும்போது விட்ட ஈரமே போதும். பின்மூடியைத் திறந்தால் (திறக்கும் முன் அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள்) பட்டன் போர்டிலிருந்து மெயின் போர்டுக்கு ஒரு மெல்லிய ரிப்பன் வரும். மானிட்டர் ஆனில் இருக்கும்போதே சுவர் பிளக்கைப் பிடுங்கி, அந்த ரிப்பனைக் கழற்றிவிட்டு மறுபடி கரண்ட் கொடுங்கள். பல மாடல்கள் கடைசியாக இருந்த நிலைக்கே திரும்பி ஆன் ஆகும். அப்படி ஆகி, மணிக்கணக்கில் அணையாமல் ஓடினால் சுவிட்சை மாற்றினால் தீர்ந்தது. பெரும்பாலும் அது 6 × 6 மில்லிமீட்டர் சதுர சுவிட்ச். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு அமுக்கி அமுக்கிச் சுத்தம் செய்வதும் கொஞ்ச காலம் தாங்கும்.

மூடியைத் திறந்தால்

வாரன்ட்டி இருந்தால் திறக்காதீர்கள். இல்லையென்றாலும் ஒன்றை மனத்தில் வைத்துத் திறங்கள்: பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். 230 வோல்ட் சப்ளையில் அதன் முனைகளில் சுமார் 325 வோல்ட் டி.சி. மின்சாரம். 120 வோல்ட் சப்ளையிலேயே 170. ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்வது வேடிக்கையாகத் தெரியும். முனை உருகும், போர்டு கருகும், கை உதறும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் நன்கு உறையிட்ட ஒயரைப் பற்றவைத்து, கெப்பாசிட்டரின் இரு காலிலும் பத்து விநாடி பிடியுங்கள். 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 5 விநாடியில் ஏறக்குறையக் காலியாகிவிடும். பிறகு மீட்டரில் பார்த்து 5 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால்தான் கை வைக்க வேண்டும்.

மானிட்டரை மெத்தென்ற துணி மேல் முகம் குப்புறப் படுக்கவைத்து, ஸ்டாண்டைக் கழற்றி, விளிம்பில் பழைய பிளாஸ்டிக் கார்டை நுழைத்துக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். உள்ளே தகரக் கவசத்துக்கு அடியில் இரண்டு போர்டு: பவர் போர்டு, மெயின் போர்டு. பவர் போர்டில் சின்ன உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடாக வீங்கியிருந்தாலும், பழுப்பு நிறப் பிசின் கசிந்திருந்தாலும் நோய் கிடைத்துவிட்டது. வெள்ளையாகவோ மஞ்சளாகவோ அடியில் ஒட்டியிருக்கும் கோந்து கசிவு அல்ல. தொழிற்சாலையில் அசையாமல் ஒட்டியது.

வீங்காத கெப்பாசிட்டரும் செத்திருக்கலாம். அதன் உள் எதிர்ப்பு ஏறியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அந்த எதிர்ப்பை அளக்கும் இ.எஸ்.ஆர். மீட்டர் இருந்தால் 1000 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் 0.1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். 1 ஓம் காட்டினால் அது குப்பை. மீட்டர் இல்லாதவர்களுக்கு ஹேர் டிரையர். அணைத்து வைத்திருந்த மானிட்டர் காலையில் ஐந்தாறு முறை அமுக்கினால்தான் பிடிக்கிறது, சூடானதும் ஒழுங்காக ஓடுகிறது என்றால், கரண்ட்டைப் பிடுங்கி வைத்து அந்தக் கெப்பாசிட்டர் கூட்டத்தை ஒரு நிமிடம் தூரத்திலிருந்து மிதமாகச் சூடாக்கி, பிறகு ஆன் செய்யுங்கள். முதல் அமுக்கிலேயே பிடித்தால் கெப்பாசிட்டர்தான். தளர்ந்த கெப்பாசிட்டரின் உள் எதிர்ப்பு குளிரில் ஏறும், சூட்டில் இறங்கும், அதுதான் சூத்திரம்.

மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி, குறைந்த இ.எஸ்.ஆர். ரகம். உடலில் கோடு உள்ள பக்கம் மைனஸ். போர்டில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸ்தான், ஆனால் தலைகீழாக அச்சிட்ட போர்டுகளும் உண்டு. அதனால் கழற்றும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 20 மில்லிமீட்டர் உயர இடத்தில் 25 மில்லிமீட்டர் வாங்கிவந்து மூடி மூடாமல் முழிப்பது இந்த வேலையில் ஒரு சடங்கு. ஒன்று வீங்கியிருந்தால் அதே வரிசையில் உள்ள எல்லாவற்றையும் மாற்றுங்கள். அவை எல்லாம் ஒரே சூட்டில் ஒரே வயது வாழ்ந்தவை. சூடு 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. சுவரோடு ஒட்டி, மேல் துளைகளில் தூசி அடைத்துக் கிடக்கும் மானிட்டர் சீக்கிரம் சாவது இதனால்தான்.

கெப்பாசிட்டர் எல்லாம் நன்றாக இருந்தால் போர்டைத் திருப்பி ஈயப் பற்றுகளைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மர் காலைச் சுற்றி, பவர் சாக்கெட் காலைச் சுற்றி மெல்லிய வட்ட விரிசல் தெரிந்தால், பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள். தட்டினால் அணைகிற மானிட்டர்களுக்குப் பாதி நேரம் மருந்து இதுவே.

படம் இருக்கிறது, வெளிச்சம் இல்லை

பேக்லைட் சந்தேகத்துக்கு டார்ச் போதும். அறையை இருட்டாக்கி, திரை 'அணைந்த' நேரத்தில் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடியுங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு விண்டோ திறந்திருந்தால் ஐகான்களும் எழுத்துகளும் மங்கலாகத் தெரியும். தெரிந்தால் கம்ப்யூட்டர், கேபிள், மெயின் போர்டு மூன்றுக்கும் நற்சான்று கொடுத்துவிடலாம்.

அடுத்து, பேக்லைட்டை யார் அணைக்கிறார்கள் என்பது. பவர் போர்டுக்கும் மெயின் போர்டுக்கும் இடையே உள்ள ஒயர் கட்டில் ஒரு கம்பி பேக்லைட்டுக்கு ஆன் உத்தரவு கொடுக்கும். போர்டிலேயே பெயர் அச்சிட்டிருக்கும். மானிட்டர் ஓடும்போது அதில் 3 முதல் 5 வோல்ட் இருக்கும். திரை இருண்ட பிறகும் அந்த வோல்ட் அப்படியே நின்றால், உத்தரவு இருக்கிறது, நிறைவேற்றுபவர் இல்லை: பேக்லைட்டுக்குக் கரண்ட் தரும் டிரைவர் சுற்று (கம்ப்யூட்டரின் டிரைவர் அல்ல) அல்லது எல்.இ.டி. பட்டை. அந்த வோல்ட்டும் பூஜ்யமானால் மெயின் போர்டே அணைக்கச் சொல்லியிருக்கிறது. அதே ஒயர் கட்டில் 5 வோல்ட் கம்பியையும் தொட்டுப் பாருங்கள். 4க்கு இறங்கி ஏறித் துடித்தால் மறுபடி பவர் போர்டுக்கே போக வேண்டும். இந்த அளவுகளை எடுக்கும்போது போர்டில் கரண்ட் ஓடுகிறது. மெயின்ஸ் (சுவர் கரண்ட்) வரும் பக்கத்துக்கு மீட்டர் முனை நழுவாதபடி மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப் போட்டுத் தகரத்தில் மாட்டிவிட்டு ஒரு கையால் மட்டும் வேலை செய்யுங்கள்.

மெல்லிய ஃப்ளோரசென்ட் டியூபையே பேக்லைட்டாகக் கொண்ட பழைய சி.சி.எஃப்.எல். மானிட்டரில் ஒரு டியூப் போனாலும், டியூபுக்குக் கரண்ட் தரும் இன்வெர்ட்டர் போர்டு ஒன்றிரண்டு விநாடியில் எல்லா டியூபையும் நிறுத்திவிடும். கிளம்பும்போது திரை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் டியூப் கிழடாகிவிட்டது. டியூபின் கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கருகிய கனெக்டரால் வரும் கோளாறும் இதே முகத்தோடுதான் வரும். டியூபுக்குள் பாதரசம் உண்டு, உடைக்காதீர்கள். எல்.இ.டி. பேக்லைட்டில் விளக்குகள் சரமாக இருக்கும். சரத்தில் ஒரு எல்.இ.டி. அறுந்தால் சரம் முழுக்க இருட்டு, டிரைவரும் பாதுகாப்பாக நின்றுகொள்ளும். பட்டையை மாற்றப் பேனலையே அக்கு அக்காகப் பிரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள்களின் வரிசை மாறினால் படம் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு தூசி உள்ளே போனால் அது ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். சின்ன மானிட்டருக்கு இந்த உழைப்பு கட்டுப்படியாகாது. புதிது வாங்கும்வரை ஓட்ட வேண்டுமென்றால் பிரைட்னஸை 30க்குக் குறைத்து வையுங்கள், தளர்ந்த எல்.இ.டி. பல நேரம் குறைந்த வெளிச்சத்தில் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு ஓடும்.

பழுது பார்த்து முடித்ததும் மூடியை உடனே பூட்டிவிடாதீர்கள். பிரைட்னஸை 100 வைத்து, முழு வெள்ளைத் திரையில் இரண்டு மணி நேரம் ஓடவிடுங்கள். நடுவில் மூன்று தடவை தூங்கவைத்து எழுப்புங்கள். ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கி, மானிட்டர் நன்றாக ஆறிய பிறகு, அடுத்த நாள் காலையில் முதல் அமுக்கில் எரிகிறதா பாருங்கள். எரிந்தால் கிளிப்புகளை அழுத்தி மூடலாம்.